கூப்பிட்டா வாங்க

அன்றைக்கு அவர் எங்களைக் கூப்பிட்டாரா, கூப்பிடவில்லையா?

இதற்கு இன்னும் எனக்குப் பதில் தெரியாது. இறந்துபோன ஒருவரைப் பற்றி இப்படி ஒரு கேள்வியை மனசில் வைத்துக்கொண்டிருப்பது முறைதானா என்றும் தெரியாது. ஆனால் என் மகள் விஷயத்தில் நான் ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருக்கிறது. யோசிக்க உட்காரும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் குறுக்கே வந்து நிற்கிறது.

மகளுக்கு எட்டு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் இடது கால் விளங்காமல் போனது. இரும்புச் சட்டம் வைத்த பூட்ஸும் ஓர் ஊன்றுகோலுமாக நடக்கிறாள். மதுரையில் இப்படிப்பட்ட பெண் குழந்தைகளுக்காக நடத்துகிற விடுதி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே. கோடை விடுமுறை முடிவதற்குள் சம்மதமா இல்லையா என்று சொல்ல வேண்டும். நாங்கள் பார்க்கப் போயிருந்தபோது விடுதியை நடத்துகிற அம்மா படுக்கை, சாப்பாட்டுக் கூடம், குளியலறை எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டிவிட்டுக் கடைசியில் சொன்னார்: "இங்கே பிள்ளைகள் அவங்க வேலையை அவங்களேதான் செய்துக்கணும். கூப்பிட்டால் ஓடி வருவோம். கூப்பிடாமல் நாங்கள் கை வைக்கிறதில்லை."

என் கணவர், இதுதான் சரியான இடம் என்றார். நான், வீட்டுக்குப் போய்ச் சொல்கிறோம் என்றேன். அந்த வார்த்தையை அதற்கு முன்பே ஒருவர் வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேன்.

கல்யாணமாகி சிவகாசிக்கு வந்தபோது எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்த வீடு நாரணாபுரம் போகிற ரோட்டில், முன்பு சரக்கு அடுக்கி வைத்த ஒரு பழைய தீப்பெட்டிக் கிட்டங்கிக்கு எதிரே இருந்தது. அந்தக் கிட்டங்கியைக் குறுக்குச்சுவர் வைத்து ஐந்து அறைகளாகத் தடுத்து, தொழிலில் அடிபட்டுப் போக்கிடம் இல்லாமல் இருந்தவர்களைக் குடிவைத்திருந்தார் ஒரு முதலாளி. வாடகை கிடையாது. அவரவர் சமைத்து, அவரவரால் முடிந்த வேலையைப் பார்த்துப் பிழைத்துக்கொள்ள வேண்டும். கணக்கப்பிள்ளை ஒருவர் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவார். தீயில் கருகியவர்கள் இருக்கும் குடியிருப்பு என்பதால் ஊரில் அதற்குக் கருகல் வளவு என்று பெயர். முதலில் கேட்டபோது எனக்குக் கூசியது. உள்ளே குடியிருந்தவர்களே சிரித்துக்கொண்டு அப்படித்தான் சொன்னார்கள்.

கோடி அறையில் இருந்தவர் அவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். விஸ்வநத்தத்தில் பட்டாசு மருந்து கலக்கிற கொட்டகையில் வேலை பார்த்தபோது தீப்பிடித்து அவருக்கு இரண்டு கண்ணும் போயிருந்தன. நெற்றியிலிருந்து கன்னம்வரை தோல் இழுத்துப் பிடித்திருக்கும். இடது கையில் கடைசி இரண்டு விரலும் ஒன்றாக ஒட்டியிருக்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் தீப்பெட்டி ஒட்டினார், சமைத்தார், துணி துவைத்தார். தலை வாரிக்கொள்வதில் மட்டும் வீம்பாகவே இருப்பார். வகிடு நேராக வந்திருக்கிறதா என்று விரலால் திரும்பத் திரும்பத் தடவிப் பார்ப்பார். யாரிடமும் கேட்க மாட்டார்.

நான் பழகத் தொடங்கிய புதிதில் ஒருநாள் அவர் அறைக்கு வெளியே பேசிக்கொண்டிருந்தோம். அவர் எழுந்திருக்கப் போகிறார் என்று தெரிந்ததும், சற்றுத் தள்ளிக் கிடந்த செருப்பைக் காலருகே எடுத்து வைத்தேன். அவர் காலை நீட்டி, செருப்பை விட்ட இடத்தில் தேடினார். இல்லை. இன்னும் தேடினார்.

"இங்கன இருக்குக்கா. நான்தான் பக்கத்தில எடுத்து வச்சேன்" என்றேன்.

"நான் கேட்டேனா?"

"இல்லக்கா. உங்களுக்கு எளுப்பமா இருக்குமேன்னு..."

"செருப்பு எங்க கெடக்குன்னு இந்நேரம்வரை எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இப்பத் தெரியல. இதுக்குப் பேரு உதவியா, ஒளிச்சு வைக்கிறதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மூச்சு மாறியதைக் கேட்டிருப்பார் போல. குரலை இறக்கி, "கூப்பிட்டா வாங்க. அம்புட்டுத்தான். இதுக்கா கண்ணீர் விடுற" என்றார். அதன் பிறகு எதை எடுத்தாலும் அவர் அறையில் எடுத்த இடத்திலேயே வைக்கப் பழகினேன். என் வீட்டில்கூட அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

அவருடைய பேச்சில் இனிப்பு கொஞ்சம் குறைவுதான். தீபாவளிக்கு முந்தின நாள் பெரிய வீட்டுப் பெண்கள் சிலர் பலகாரத் தட்டோடு வளவுக்கு வருவார்கள். ஒருமுறை ஓர் அம்மாள் ஆசையாக அதிரசத்தைப் பிட்டு அவர் வாயருகே கொண்டுபோனார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஊட்டுறதுன்னா தொட்டிலும் சேத்துக் கொண்டாந்திருக்கலாமே" என்றார். அந்த அம்மாள் முகம் சுண்டிப்போய் நின்றது இப்போதும் நினைவிருக்கிறது. நல்ல மனசோடுதானே வந்தார், கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எது சரி என்று சொல்ல முடியவில்லை.

பக்கத்து அறையில் ஓர் அண்ணாச்சி இருந்தார். வெடிவிபத்தில் இரண்டு கையும் மணிக்கட்டோடு போனவர். ஒரு பேப்பர் கிட்டங்கியில் காவல் வேலை. காலையில் அக்கா அவருக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிடுவார். அவர் அக்காவுக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவார். அக்கா தாளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், புரட்ட வேண்டும்.

"ஏத்தா, நேராப் பிடி. மந்திரி தலைகீளா நிக்காரு."

"நிக்கட்டும் அண்ணாச்சி. பையில இருக்கிறது அப்பவாவது கீள விளுதான்னு பாப்போம்."

பித்தானுக்கும் அதே சட்டம்தான். அண்ணாச்சி வாய் திறந்து கேட்க வேண்டும். ஒருநாள் ஏதோ மனஸ்தாபத்தில் அவர் கேட்கவில்லை. சட்டை திறந்தபடி அக்காவின் வாசலில் நின்று செருமிக்கொண்டே இருந்தார். அக்கா பெட்டி ஒட்டிக்கொண்டே இருந்தார். செருமல் எதற்கு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. வெகுநேரம் கழித்து அண்ணாச்சி, "போட்டுவிடு தாயி. கம்பெனியில என்னை நெஞ்சைக் காட்டிக்கிட்டு வந்த ரவுடிம்பானுக" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே பசைக் கையைத் துடைத்துவிட்டு எழுந்தார்.

அந்த அறைகளின் கதவுகளுக்கு உள்ளே தாழ்ப்பாள் இல்லை. இருந்ததையும் கழற்றிவிட்டிருந்தார்கள். அக்காவுக்கு இதுதான் பெரிய குறை. கணக்கப்பிள்ளை வரும்போதெல்லாம் இதே வழக்கு.

"உள்ள விளுந்து கெடந்தா நாங்க எப்பிடித் தாயி வாறது? அதுக்குத்தானே களட்டி வச்சிருக்கோம்."

"உங்க வீட்டுக் கதவுக்குத் தாப்பா இருக்கா?"

"இருக்கு."

"நீங்க விள மாட்டீகளோ?"

"எனக்குக் கண்ணு தெரியுமேத்தா."

"கண்ணு தெரியுறவுகதான் வரிசையா விளுந்து ஆசுபத்திரியில கெடக்காக. தாப்பா இல்லாட்டி அது வீடா? மாட்டுக்கொட்டம். மாடுதான் யாரு வந்து பாத்தாலும் சும்மா நிக்கும்."

அண்ணாச்சி உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "கணக்கப்பிள்ள, அதுகிட்ட வாயக் குடுக்காதீக. எனக்குக் கையில்ல. ஒமக்கு நாளைக்கு வாயிருக்காது."

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அந்தப் பக்கம் தண்ணீருக்கு வண்டிதான். விடியும்போது தண்ணீர் வண்டிக்கார அம்மாள் வந்து, வாசலில் வைத்த குடங்களை நிரப்பிவிட்டுப் போவாள். அக்காவின் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். ஆனால் நகராட்சியின் காலைச் சங்கு ஊதுவதற்குள் அவர் குடம் வாசலுக்கு வந்துவிட வேண்டும். வந்துவிட்டால் ஆள் சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். யாரும் தட்டக் கூடாது. வராவிட்டால் கதவை உடைக்கலாம். அக்கா இதற்குச் சம்மதித்தார். ஆசாரியைத் தானே வரவழைத்துத் தாழ்ப்பாள் அடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் நான் போனபோது கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டு, திறந்து, மறுபடி போட்டுக் காட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்போ பின்போ பார்த்ததில்லை.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை இருப்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. குடம் வெளியே வந்ததா என்று பார்க்கத்தான் எல்லாருக்கும் பழக்கம். உள்ளே போனதா என்று யாரும் பார்க்கவில்லை. அந்தத் தண்ணீர் கலங்கலாக இருக்கும், தெளியட்டும் என்று நிறைகுடத்தை வெயில்படாத சுவரோரம் மதியம்வரைகூட விட்டுவைப்பார்கள். அது வளவில் சாதாரணம்.

ஒரு மார்கழி மாதத்தில் குளிரில் மூட்டு பிடித்துக்கொண்டு அக்கா எழத் தாமதமாகிவிட்டது. சங்கு ஊதியது, குடம் இல்லை. பேசி வைத்தபடி வளவுக்காரர்கள் ஓடிவந்து கதவை இடித்துத் திறந்தார்கள். நேரமானது தெரியாமல் அவர் அப்போதுதான் மூலையில் குளிக்க உட்கார்ந்திருந்தார். தலையில் ஊற்றிய தண்ணீரில் சங்குச் சத்தமும் கேட்கவில்லை, தட்டியதும் கேட்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் வெளியே வந்து தலைகுனிந்து நின்றார்கள். உள்ளே அவர் ஈரச் சேலையைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணாச்சி வெளியிலிருந்து, "பதறிப்போயி வந்துட்டோம்த்தா, மனசில வச்சுக்காத" என்றார். "செய்ய வேண்டியதைத்தான் செஞ்சீக" என்று மட்டும் அக்கா சொன்னார்.

அந்த நாளுக்குப் பிறகு அவர் குடம் ஒருநாளும் தாமதமானதில்லை. வளவிலேயே முதலாவதாக வாசலில் இருப்பது அந்தக் குடம்தான். அவர் நன்றாகச் சுதாரித்துக்கொண்டார் என்று எல்லாரும் மெச்சினோம்.

இதற்குள் என் மகள் பிறந்து, காய்ச்சல் வந்து, கால் போயிருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சரியாகிவிடும் என்றார்கள். அக்கா மட்டும் குழந்தையின் இரண்டு காலையும் தன் மடியில் வைத்து நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் ஒருவர்தான் பொய் சொல்லவில்லை என்று பிற்பாடு புரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒரு பொய் வேண்டித்தான் இருந்தது.

குழந்தை எதையாவது பிடித்து நிற்கத் தொடங்கியபோது, நான் சமையல் முடிக்கும்வரை அக்காவின் அறையில் விட்டு வருவேன். ஒருநாள் அழைத்துவரப் போனபோது, குழந்தை கதவு நிலையைப் பிடித்து நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு கையை விட்டது. அப்படியே சரிந்து நெற்றி தரையில் இடிக்க விழுந்தது. நான் பாய்ந்தேன். அக்கா உட்கார்ந்தபடியே கையைக் குறுக்கே நீட்டி என்னை மறித்தார்.

"அவ கூப்பிட்டாளா?"

"என்னக்கா பேசுறீக! பிள்ளை விளுந்து கெடக்கா!"

"எனக்கும் கேட்டுச்சு. கூப்பிட்டாளான்னு கேக்கேன்."

குழந்தை அழவில்லை. என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு பக்கத்தில் அடுக்கியிருந்த தீப்பெட்டிக் கட்டைப் பிடித்து எழப் பார்த்தது. அத்தனை பெட்டியும் சரிந்து அதன்மேல் கொட்டின. அது அப்போதும் அழவில்லை. அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையைத் தள்ளிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நெற்றி புடைத்திருந்தது. அதற்குப் பிறகு சில மாதம் குழந்தையை அங்கே விடவில்லை. போய்ப் பேசுவேன், குழந்தை தூங்குகிறது என்பேன். அவரும் கேட்க மாட்டார்.

என் மகள் இன்றைக்கும் விழுந்தால் அழுவதில்லை. கூப்பிடுவதும் இல்லை. அது அவள் பிறவிக் குணமா, அந்த அறையில் அன்றைக்குப் படிந்ததா என்று நான் யோசிக்காத நாள் இல்லை. படிந்தது என்றால் அது நல்லதா கெட்டதா என்பது அடுத்த யோசனை.

இனி அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும்.

அது தீபாவளிக்கு முந்தின சீசன். வளவுக்குப் பின்புறம் ஓர் அச்சாபீஸ் உண்டு. பட்டாசு லேபிள் ஆர்டர் குவிந்து கிடந்ததால் காலையிலிருந்தே எல்லா மிஷினும் ஓடும். எங்கள் வீட்டிலேயே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. மகளின் காலுக்குச் சட்டம் அளவெடுக்க அன்று நாங்கள் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். வெளிச்சம் மங்கும்போது திரும்பி வந்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருகையில், மற்ற குடங்கள் எல்லாம் உள்ளே போயிருக்க, அக்காவின் குடம் மட்டும் நிறைந்தபடி வாசலில் இருப்பதைப் பார்த்தேன். தண்ணீரில் தூசி படிந்திருந்தது. அண்ணாச்சி அப்போதுதான் வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தார். கதவைத் தட்டினோம். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. என் கணவர் தோளால் இடித்துத் திறந்தார்.

அடுப்புக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. சேலை விலகியிருந்தது. கண் தெரியாத அந்த முகத்தை எங்கள் பக்கம் திருப்பி, அவர் முதலில் கேட்டது இதுதான்:

"எத்தன பேரு உள்ள வந்திருக்கீக?"

மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு நான் சேலையைச் சரிசெய்தேன். அப்போது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. குரல் கம்மிப் போயிருந்தது, காற்று மட்டும்தான் வந்தது. பகலெல்லாம் தண்ணீர் குடிக்காத தொண்டையும் அப்படித்தான் இருக்கும். கத்திக் கத்தி ஓய்ந்த தொண்டையும் அப்படித்தான் இருக்கும்.

காலையிலேயே விழுந்திருக்கிறார். அண்ணாச்சி திக்கித் திணறிச் சொன்னார்: "வேலைக்குக் கெளம்புறப்ப டொம்முன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. என்னத்தான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல அண்ணாச்சி, விறகு சரிஞ்சிருச்சுன்னுச்சு. பித்தானை வளவில வேற ஒருத்தரைப் போடச் சொல்லிக்கிட்டுப் போயிட்டேன். குடம்தான் வெளிய இருந்துச்சே." வளவில் மற்றவர்களும் வேலைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் தண்ணீர் வண்டிக்கார அம்மாள் வந்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. "அந்தக் குடம் நான் என்னிக்காவது இருட்டோட வந்தாலும் வாசல்லதான் இருக்கும். மார்கழி தொட்டே அப்பிடித்தான்" என்றாள். முந்தின நாள் சாயங்காலமே அக்கா குடத்தை வெளியே வைத்துவிட்டுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். இன்னொரு தடவை யாரும் கதவை உடைத்து உள்ளே வரக் கூடாது என்று.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தார். சூலக்கரைப் பக்கம் பருத்தியும் மிளகாயும் போட்டு விவசாயம் பார்க்கிற, அக்கா போய் ஒண்டிக்கொள்ள மறுத்திருந்த அவர் தம்பி வந்தார். வளவைப் பார்த்து, "மனுசர் இருக்கிற எடமா இது? ஒரு பொம்பள பகலெல்லாம் கத்திக் கெடந்திருக்கா, ஒருத்தரும் எட்டிப் பாக்கல" என்றார். அண்ணாச்சி, "அது கூப்பிடல தம்பி, சத்தியமா ஒண்ணுமில்லன்னுதான் சொல்லிச்சு" என்றார். அக்காவைத் தம்பி தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கோடி அறைக்கு வேறு ஆள் வந்தார்கள்.

அந்தக் கோடையில் நான் அவரைப் பார்க்கப் போனேன். நல்ல வீடு. ஓட்டுக் கட்டிடம், முற்றத்தில் மிளகாய் காய்ந்தது. காற்றோட்டமான உள்ளறையில் கட்டில் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். வெள்ளைத் தலையணை உறை, துவைத்த சேலை. வகிடு நேராக எடுத்து இறுக்கப் பின்னியிருந்தது. தம்பி மனைவியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் என்னை வாசலிலேயே, "வாங்க, வெயில்ல வந்திருக்கீக" என்று உபசரித்து மோர் கொடுத்தார். "மதினியை ஒரு துரும்பத் தூக்க விடமாட்டோம். எந்திரிக்கணும்னா ரெண்டு பக்கமும் ஆளு நிப்போம். பட்டதெல்லாம் போதும்" என்றார். சாப்பாட்டு நேரம் வந்ததும் சோற்றைப் பிசைந்து அவரே ஊட்டினார். அக்கா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். மென்று முடித்ததும் மறுபடி திறந்தார். எனக்குப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தம்பி மனைவி தட்டைக் கழுவப் போனபோது அக்கா, "கதவுகிட்ட யாரும் நிக்காகளா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"என் ரூமுக்கு யாரு வந்திருக்கா?"

"வெடிக்குக் காயிதக் குளாய் உருட்டுற ஒரு அண்ணன். கால் இல்லாதவரு."

"அந்தத் தாப்பா?"

கழற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் மடியில் இருந்த கைகளை ஒன்றன்மேல் ஒன்று மாற்றி வைத்தார். செய்வதற்கு அந்தக் கைகளுக்கு வேறு எதுவும் அங்கே இல்லை.

வந்ததிலிருந்து மனசில் அரித்ததை நான் கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னைக்கு எங்களைக் கூப்பிட்டீகளா?"

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு, "எதைச் சொன்னா என்னைத் திரும்ப விடுவாக?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"கூப்பிட்டேன்னு சொன்னா, கூப்பிட்டும் ஆளு வராத எடம், அங்க எதுக்குப் போறங்கான் என் தம்பி. கூப்பிடலன்னு சொன்னா, கூப்பிடக்கூடத் தெரியாதவ, ஒன்னத் தனியா எப்பிடி விடுறதுங்கா அவன் பொண்டாட்டி. நீ படிச்சவதானே. எதைச் சொன்னா விடுவாகன்னு சொல்லு. அதையே சொல்லுறேன்."

நான் படித்த பதினோரு வகுப்பிலும் அதற்குப் பதில் இல்லை. அவர் காத்திருந்தார். பிறகு தம்பி மனைவி வரும் சத்தம் கேட்டு, "பிள்ளைக்குச் சட்டம் கிடைச்சுதா?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் இறந்துவிட்டார். செய்தி எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. அண்ணாச்சி, "நல்லபடியாத்தான் பாத்துக்கிட்டாக" என்றார். ஆமாம், நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் பலவிதமாக நினைத்துப் பார்க்கிறேன். விழுந்தவுடன் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார். தானே எழுந்துவிடலாம் என்று பார்த்திருப்பார். எழ முடியாது என்று தெரிந்தபோது அண்ணாச்சி போயிருப்பார், மிஷின்கள் ஓடத் தொடங்கியிருக்கும். அப்போது கூப்பிட்டிருப்பார். அல்லது கதவை உடைத்து வருவார்களே என்ற நினைப்பில் கடைசிவரை வாயை இறுக்கிக்கொண்டு கிடந்திருப்பார். இரண்டுமே அவரால் முடியும். இரண்டையும் என்னால் தாங்க முடியவில்லை. தாழ்ப்பாளே இல்லாமல் இருந்திருந்தால் காலையிலேயே பார்த்திருப்போம் என்று ஒருநாள் தோன்றும். அந்தக் கட்டிலில் வாயைத் திறந்து காத்திருந்த முகம் நினைவுக்கு வந்தால், தாழ்ப்பாளுக்காக அவர் போட்ட சண்டை அவ்வளவும் நியாயம் என்று தோன்றும்.

மகளுக்கு விடுதிக்குப் போக ஆசை. பெட்டியில் என்ன வைப்பது என்றுகூட யோசித்துவிட்டாள். போன வாரம் அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அங்க போயி விளுந்துட்டா கூப்பிடுவியாம்மா?"

"மொதல்ல நானா எந்திரிக்க முடியுதான்னு பாப்பேன்."

"எம்புட்டு நேரம் பாப்ப?"

"அது விளுந்தாத்தானே தெரியும்" என்றாள், நான் ஏதோ தெரியாமல் கேட்டுவிட்டதுபோல.

என் கணவர் சிரித்தார். சரியாகத்தானே சொல்கிறாள் என்றார். மாமியார், வீட்டோடு வைத்துக்கொள்வோம், நமக்கென்ன பாரமா என்கிறார். இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது. அதுதான் என் கஷ்டம். அவள் குளிக்கும்போது இப்போதும் நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். தரை வழுக்கும், சட்டத்தைக் கழற்றிவிட்டுத்தான் குளிக்க வேண்டும். நான் நிற்பது அவளுக்குத் தெரியும். "அம்மா, போங்க" என்பாள். போவதுபோலக் காலைத் தேய்த்துச் சத்தம் காட்டிவிட்டு அங்கேயே நிற்பேன். விடுதியில் அந்தக் கதவுக்கு வெளியே யாரும் நிற்க மாட்டார்கள்.

இதைப் படிக்கிறவர்களில், இப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். தைரியம் சொல்ல வேண்டாம், அதைச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். கதவுக்கு வெளியே நிற்பதை எந்த வயதில் நிறுத்தினீர்கள், எதைப் பார்த்து நிறுத்தினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் உண்மையாகவே விலகிப்போன பிறகு, ஒருநாளாவது பிள்ளை உங்களைக் கூப்பிட்டதா என்றும் சொல்லுங்கள்.